சூடேற்றவியல்: ஸ்காபரோக் காலைகள் பற்றிய ஒரு முதனிலை ஆய்வு

குளிர்காலக் காலையில் காரை இயக்கிவிட்டு, அதில் ஏறிப் போகாமல், அது உறுமிக்கொண்டு நிற்பதை யன்னல் வழியே பார்த்திருத்தலை இக்கட்டுரை 'சூடேற்றம்' என வரையறுக்கிறது. உள்ளே ஏறி இருந்து பார்த்திருப்பதும் சூடேற்றமே. ஏறி இருந்து தேநீர் குடித்தல் அதன் உயர்நிலை. ஆய்வுக் களம், ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவும் அதையொட்டிய மார்க்கமும். காலம், மார்கழி தொடங்கிப் பங்குனி வரை. ஈழத்தமிழர் வாழும் மற்றக் குளிரூர்களுக்கும் முடிவுகளைப் பொருத்திப் பார்க்கலாம். ஒஸ்லோவிலிருந்து மறுப்பு வந்தால் மரியாதையோடு ஏற்கப்படும்.

இத்துறையில் மரபுகள் இரண்டு. பெரியப்பாமார் மரபின்படி கார் பத்து நிமிடமாவது நின்றெரிய வேண்டும். தம்பிமார் மரபின்படி திறப்பைத் திருப்பு, பெல்ற்றைப் போடு, எடு. கட்டிலில் படுத்தபடியே றிமோட் ஸ்ராட்டரை அழுத்துவோரும் உளர். அவர்களுக்குக் கொள்கை ஏதும் கிடையாது என்பதால் ஒதுக்கப்பட்டுள்ளனர்.

எதிர்த்தரப்பை முதலில் பேசவிடுவதே ஆய்வு முறை. பெரியப்பா சொல்வது இது: இரவு முழுக்க எஞ்சின் ஒயில் அடிக்கு வடிந்து, பாணிபோலத் தடித்துக் கிடக்கிறது, அது மேலேறுமுன் காரை ஓட்டினால் இரும்போடு இரும்பு உரசும். முற்பாதி சரி. ஆனால் ஒயில் மேலேறச் சில விநாடிகள் போதும். தாராளமாகக் கணக்குப் போட்டாலும் அரை நிமிடம். ஒயில் போத்தலில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூ விண்டரைக் குறிப்பது. 5டபிள்யூ என்ற தரம் கிடைக்க, −30 பாகைக் குளிரிலும் எஞ்சின் சுழல விடுமளவுக்கு ஒயில் இளக்கமாக இருந்தாக வேண்டும். 0டபிள்யூ என்றால் −35. ரொறன்ரோவிலோ −20 வந்தாலே வானொலிக்காரர் பதறத் தொடங்கிவிடுவார். குளிர் தாங்குவதில் ஒயில் எங்களைவிடக் கெட்டிக்காரன்.

நின்றெரிதலால் கெடுதியும் உண்டு. குளிர்ந்த எஞ்சினுக்குள் பெற்றோல் முழுதாக ஆவியாவதில்லை. அதைச் சரிக்கட்டக் காரின் கணினி வழமையைவிடக் கூடுதலாகப் பெற்றோலைத் தெளிக்கும். எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, அங்கே படிந்திருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு இறங்கும். எஞ்சின் சூடாகும் வரை இது ஓயாது. நிற்கிற காரில் எஞ்சினுக்கு வேலை சொற்பம், பிறக்கிற சூடும் சொற்பம். ஆகவே கழுவுகிற நேரம் நீளும். மெதுவாக ஓட்டிப் போனால் சுருக்காகச் சூடாகிவிடும். கியர்பெட்டியும் சில்லுகளும் ஷொக் அப்சோபர்களும் ஓடினால்தான் இளகும். மணிக்கணக்காக நின்றெரிந்தாலும் அவை விறைத்தபடிதான். ஒயிலைக் காப்பாற்றுவதற்காக நிற்கிற பெரியப்பா ஒயிலைக் கழுவிக்கொண்டு நிற்கிறார் என்பது இத்துறையின் முதற் சோகம்.

இவ்வளவு விவேகமான மனிதருக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரரிடம் கற்றார் என்பது மேலோட்டமான ஊகம். இதன் வேர், ஸ்வெற்றரைப் படத்தில் மட்டுமே கண்ட யாழ்ப்பாணத்தில் இருக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு.

1950களின் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்கள் குடாநாட்டு ஒழுங்கைகளில் பல தசாப்தங்கள் ஓடின. அவற்றில் பெற்றோலைக் காற்றோடு கலந்தது கார்பரேற்றர். காலையில் சோக்கை இழுத்து, எஞ்சினின் இருமல் அடங்கும்வரை பொறுத்து, பிறகு மெல்ல உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டவன் சந்தியில் நின்றுபோவான். அதன்மேல் 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காமற்போக, அதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் ஏறத்தாழ −40 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேண்டும். ஆகவே கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, எஞ்சின் நன்றாகக் கொதித்த பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற முடிந்தது. முந்திக்கொண்டால் புகையும் ஏச்சும்தான் மிச்சம்.

இங்கே ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் வருகிறது. மண்ணெண்ணெய்க்கு யாழ்ப்பாணமே குளிர்நாடு. பெற்றோலுக்கோ ஸ்காபரோ தை மாதத்திலும் சமாளிக்கக்கூடிய ஊர்; போதாததற்குக் குளிர்காலத்தில் சுருக்காக ஆவியாகும் கலவையையே பார்த்து விற்கிறார்கள். வெயிலூரில் முழுச் சரியாக இருந்த ஓர் அறிவு, பனியூருக்கு வந்த பிறகுதான் பிழையாகியிருக்கிறது. இதற்கிடையில் 1990களின் தொடக்கத்தோடு வட அமெரிக்கப் புதுக் கார்களிலிருந்து கார்பரேற்றர் விடைபெற்றுவிட்டது. பெரியப்பா வந்திறங்கிய நேரம் அது புறப்பட்டுக்கொண்டிருந்தது. இருவரும் விமானநிலையத்தில் கண்டுகொள்ளவில்லை.

"பொறடா, எஞ்சின் இன்னும் சூடாகேல்லை."

"பெரியப்பா, இதிலை கார்பரேற்றரே இல்லை."

"இல்லையெண்டால் இன்னும் கூடப் பொறுக்கவேணும்."

இந்த விடைக்கு இதுவரை மறுப்புரை எழுதப்படவில்லை.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 60 நிமிடத்துக்குள் 1 நிமிடத்துக்கு மேல் வாகனத்தைச் சும்மா இயங்கவிடக் கூடாது என்கிறது ரொறன்ரோ மாநகரத் துணைவிதி. முன்கண்ணாடி வழியே வடிவாகத் தெரியாமல் ஓட்டக் கூடாது என்கிறது ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம். இரவு உறைமழை பெய்து கண்ணாடியில் ஐஸ் அப்பியிருக்கும் காலையில் இரண்டையும் ஒருங்கே காப்பாற்றுவது சுரண்டி ஒன்றுதான். சுரண்டினால் ஆளுக்கு வேர்க்கும், கார் குளிர்ந்தே கிடக்கும். உண்மையான சூடேற்றம் இதுவே என்று வாதிடும் ஒரு சிறு பிரிவினரும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் உள்ளே இருந்துகொண்டு வாதிடுபவர்கள்.

−30ஐத் தாண்டும் வினிப்பெக்கில் தம்பிமாரும் வாய் திறப்பதில்லை. அங்கே கார்களின் முகப்பில் மின்வயர் தொங்கும்; தரிப்பிடங்களில் அதைச் செருக வசதி உண்டு. எஞ்சினைச் சூடாக்கும் இந்த ஹீற்றரை 1940களில் உருவாக்கியவர், வட டகோட்டாவின் கிராண்ட் போர்க்ஸ் ஊரைச் சேர்ந்த அன்ட்ரூ ஃபிரீமன். காப்புரிமை 1949இல் கிடைத்தது. ஃபிரீமன் எஞ்சினை இயக்குமுன் சூடாக்கினார். பெரியப்பா இயக்கியபின் சூடாக்குகிறார். ஒரு முன்னுக்கும் ஒரு பின்னுக்கும் இடையில் எத்தனை லீற்றர் பெற்றோல் போகிறது!

ஓரிடத்தில் மட்டும் பகிடிக்கு இடமில்லை. கராஜுக்குள் காரை நின்றெரிய விடக் கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. புகைக்குழாய் ஸ்னோவில் புதைந்திருந்தால் முதலில் அதைத் தோண்டிவிட வேண்டும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை, ஆளை எடுத்துவிடும்.

இனி மிச்சக் கேள்வி: சூடேற்றம் யாருக்காக? களத்தில் கேட்டால் எல்லாரும் எஞ்சினின் பெயரையே சொல்கிறார்கள். ஆனால் சூடு காட்டும் முள் நகர்ந்ததா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. ஹீற்றர் துவாரத்தில் கையை வைத்து, வெதுவெதுப்பு வந்ததும் "எஞ்சின் சரி" என்று அறிவிக்கிறார்கள். இத்தனை காலமும் எஞ்சின் சூடு என்று அளக்கப்பட்டது பெரியம்மாவின் பாதச் சூடு. தனக்குக் குளிருகிறது என்பது ஓர் ஆம்பிளைக்கு இழுக்கு. எஞ்சினுக்குக் குளிருகிறது என்பது பொறுப்பு.

எல்லாம் ஒருவழியாகத் தீர்ந்துவரும் வேளையில் மின்கார் வந்து குழப்பியிருக்கிறது. சுவரில் செருகியபடியே, புறப்படுமுன் பற்றரியையும் உள்ளறையையும் சூடாக்கிக்கொள்வது மின்காருக்கு உண்மையாகவே நல்லது. குளிரால் குறையும் ஓட்டத் தூரத்தில் ஒரு பங்கு மீளும். புகையும் இல்லை, துணைவிதியும் குறுக்கே நிற்பதில்லை. தம்பி இப்போது காலை ஆறரைக்கு என்று கைபேசியில் நேரம் குறித்துவிட்டு நித்திரை கொள்கிறான். ஆறே முக்காலுக்குப் பெரியப்பா செருப்போடு டிறைவ்வேக்கு இறங்கி, பொனற்றில் காதை வைத்துக் கேட்டு, நேரே மாடியேறி அவனை உலுப்பினார்.

"டேய் எழும்பு, ஒரு சத்தத்தையும் காணேல்லை. ஆரோ காரை நிப்பாட்டிப்போட்டாங்கள்."