தடித்த ஓயிலும் மெலிந்த ஓயிலும்

நிலாவரைக் கிணற்றுக்குக்கூட அடி கண்டுவிடலாம். காருக்கு எந்த ஓயில் என்ற வாதத்துக்கு யாழ்ப்பாணத்துப் புத்தூரில் அடி காண முடியாது.

"தம்பி, எங்கட வெக்கைக்குத் தடிச்ச ஓயில்தான் சரி. 20டபிள்யூ-50 விடும்" என்பார் கராச் அண்ணை. கனடாவிலிருந்து வந்து நிற்கும் மச்சானோ, "அங்க நாங்கள் 0டபிள்யூ-20 தான்" என்பார்.

டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. 0டபிள்யூ என்றால் உறைகுளிரில், -35 பாகை செல்சியஸிலும் எஞ்சினைச் சுற்ற விடும். புத்தூரில் மார்கழிப் பனிக்குக் காதை மூடித் துவாய் கட்டும் நாளிலும் வெப்பம் 20 பாகைக்குக் கிட்டத்தான். டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம்: அது 100 பாகையில் ஓயிலின் தடிப்பு. சூடேறிய எஞ்சினுக்கு ரொறன்ரோவும் புத்தூரும் ஏறக்குறைய ஒன்று. வெயில் எங்கள் தலையில்தான். 0டபிள்யூ-20 கேட்கும் ஜப்பான் ஹைபிரிட்டுக்கு 20டபிள்யூ-50 விடுவது, கைக்குழந்தைக்கு ஒடியல் கூழ் பருக்குவது போல.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தப் பெருமையில்தான் இன்றும் "எதை விட்டாலும் ஓடும்" என்கிறோம். ஓடியது உண்மை, அது பழைய எஞ்சினின் பொறுமை, எங்கள் கெட்டித்தனம் அல்ல.

காரின் கையேடு முன்பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடக்கிறது. ஜப்பான் மொழியில் இருந்தால் என்ன, எண்கள் எங்களுக்கும் தெரிந்தவைதானே. ஒருக்கால் திறந்து பாருங்கோ.