ஸ்ரீபுரம், வழி: ஆம்பூர்

ஆம்பூரில் வண்டியை நிறுத்தி இறங்கியும் பிரியாணி சாப்பிடாமல் திரும்பி வந்தவன் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. வண்டியில் ஏசி வேலை செய்யாததால் நான்கு கண்ணாடியும் இறக்கியிருந்தது. தம் உடைத்த வாசனை ஒரு ஜன்னலில் ஏறி மறு ஜன்னலில் இறங்கிப் போனது. இதற்கு மேல் என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. எழுத உட்கார்ந்தது வேலூர் ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பற்றித்தான். அதற்கு வருகிறேன்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவனுக்கு ஞாயிறு என்பது தூங்குவதற்கு. அதையும் விட்டுக்கொடுத்துப் பாரூர் போகிறேன் என்றால் அத்தை மேல் பாசம் பாதி, பாரூர் ஏரி மீன் பாதி. அத்தை வைக்கும் ஜிலேபி மீன் குழம்புக்காக நைட் ஷிப்ட்டையே மாற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தால் வீடு கழுவி விட்டிருந்தது. மீன் சட்டி புறக்கடையில் கவிழ்ந்து கிடந்தது. எல்லோரும் தலைக்குக் குளித்து, பட்டுடுத்தி வாசலில் நின்றார்கள்.

"வண்டியத் திருப்பு கண்ணு, பொற்கோயிலுக்குப் போறோம். நேத்து ராத்திரி நீ எதும் சாப்பிடலயே?"

தோசை என்றேன். தோசையும்தான் சாப்பிட்டிருந்தேன்.

பர்கூர் தாண்டியதும் பின்சீட்டில் மாமா தங்கக் கணக்கைத் தொடங்கினார். 2007 ஆகஸ்டில் கும்பாபிஷேகம் ஆன கோயில், 1,500 கிலோ தங்கம் இழைத்தது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கிலோவில் சொன்னால் நம் ஆட்களுக்குத் தங்கம் விளங்காது. "பவுனாச் சொல்லு" என்றார் அத்தை. 1,87,500 பவுன் என்றேன். வண்டியில் பேச்சே இல்லை. நாட்றம்பள்ளி வரைக்கும் ஒவ்வொருவரும் அந்தத் தொகையை அவரவர் வீட்டுக் கல்யாணத்தால் வகுத்துக்கொண்டு வந்தார்கள். அத்தைதான் முதலில் வாய் திறந்தார்: "செய்கூலி, சேதாரம் சேர்த்தா?"

செய்கூலி உண்டுதான். தங்கக் கட்டியைத் தாளாக அடித்து, சித்திர வேலை செய்த செப்புத் தகட்டின் மேல் அடுக்கடுக்காகப் பதித்திருக்கிறார்கள். அத்தனையும் கைவேலை. இதைச் சொல்லலாம் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டபோது வாணியம்பாடி வந்துவிட்டது. அதற்கப்புறம் எவனுக்குத் தங்கம் பேசத் தோன்றும்? சாலையின் இரண்டு பக்கமும் பிரியாணிக் கடைப் பலகைகள். ஒரிஜினல், அதற்கு அடுத்தது ஒரே ஒரிஜினல், அதற்கும் அடுத்தது வேறு எங்கும் கிளைகள் இல்லை என்று அடித்துச் சொல்லும் ஒரிஜினல். காலை எட்டு மணிக்கே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "திரும்பி வர்றப்ப..." என்று ஆரம்பித்தேன். "கோயிலுக்குப் போற வண்டியில அந்தப் பேச்சே வேணாம்" என்று முடித்துவிட்டார் அத்தை.

ஓசூர்க்காரனுக்குப் பெரிய கோயில் புதிதில்லை. விருந்தாளி வந்தால் பெங்களூர் ராஜாஜிநகர் இஸ்கான் குன்றுக்குத்தான் கூட்டிப்போவோம். 1997இல் ஜனாதிபதி சங்கர் தயாள் சர்மா திறந்துவைத்தது. 108 படி, படிக்கொரு தரம் மந்திரம். எனக்கு அந்தக் கோயில் மேல் தனி மரியாதை உண்டு. காரணம், ஓசூருக்கும் ராஜாஜிநகருக்கும் நடுவே ஆம்பூர் இல்லை.

ஸ்ரீபுரத்துக்கு வருகிறேன். திருமலைக்கோடி மலையடிவாரம், 100 ஏக்கர். செல்போனுக்கு உள்ளே அனுமதி கிடையாது, அரை டிரவுசருக்கும் லுங்கிக்கும் கிடையாது. போனைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அத்தை மகளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தங்கத்தின் முன்னால் நின்றும் ஸ்டேட்டஸ் வைக்க முடியாவிட்டால் அது என்ன தரிசனம்? நுழைந்ததும் நட்சத்திரப் பாதை. ஸ்ரீசக்கர வடிவம், 1.8 கிலோமீட்டர் நீளம். கோபுரத்தை நோக்கி நேராகப் போவதுபோல் ஆசைகாட்டிவிட்டுப் பாதை முனையில் திரும்பிக்கொள்ளும். வழிநெடுகப் பலகைகள்: மனிதப் பிறவியின் அருமை, ஆன்மிகத்தின் அவசியம். மாமா ஒன்றுவிடாமல் உரக்க வாசித்தார். மூன்றாம் வகுப்பில் வாசிக்க விட்டதையெல்லாம் அன்றைக்கே ஈடுகட்டியதுபோல் இருந்தது. ஒவ்வொரு முனையிலும் அத்தை, "இதோ வந்துட்டுது" என்றார். வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுற்றிலும் தண்ணீர், நடுவே அந்த மண்டபம், மேலே உச்சி வெயில். பார்த்த மாத்திரத்தில் கை தானாகக் கூப்பியது. உள்ளே மகாலட்சுமி, ஸ்ரீலட்சுமி நாராயணியாக இருக்கிறாள். பவுன் கணக்கு, முட்டி வலி, பசி எல்லாம் மறந்து நின்றேன். எவ்வளவு நேரம்? கொஞ்ச நேரம்தான். பின்னால் நின்ற மாமா என் காதோரம், "அன்னதானம் போடுறாங்களாம்" என்றார். சாம்பார் சாதம் சாப்பிட்டால் ஆம்பூரில் வயிற்றில் இடம் இருக்காதே என்று வேண்டாம் என்றேன். அந்த அளவுக்கு எதிர்கால நம்பிக்கையோடு இருந்தேன்.

இப்போது சட்டப் பிரச்சினை. கோயிலுக்குப் போகுமுன் கவுச்சி கூடாது, ஒப்புக்கொள்கிறேன். போய் வந்த பிறகு எத்தனை மணி நேரம் கூடாது? பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நின்றபோது கேட்டேன். வீடு போய்ச் சேரும்வரை கோயில் கணக்குதான், நடுவில் எங்கேயும் நிற்கக்கூடாது என்றார் அத்தை. விடிகிற வரை என்றார் மாமா. மாமாவின் தங்கை மூன்று நாள் என்றார். கேட்கக் கேட்கத் தண்டனை ஏறுவதைப் பார்த்து மேல்முறையீட்டை நிறுத்திக்கொண்டேன்.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இதே அத்தை, போன ஆடியில் எங்கள் முனியப்பன் கோயில் கிடா விருந்தில், சாமி கண்ணெதிரே, நெற்றி நிறைய விபூதியோடு, "ஈரல எவன்டா எடுத்தது?" என்று பந்தியையே நிறுத்தியவர். அங்கே கறிதான் பிரசாதம். சாப்பிடாமல் எழுந்தால்தான் சாமிக்குக் கோபம் வரும். அதை நினைவுபடுத்தினேன்.

"அது நம்ம சாமி. இது பெரிய சாமி."

"அப்ப நம்மது சின்ன சாமியா?"

பதில் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஏரியையும் மாந்தோப்பையும் காவல் காக்கிறவர், கூரைகூட இல்லாமல் வெயிலில் நிற்கிறவர், அவரை ஒரே பேச்சில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நம் ஆட்களின் பக்தி எந்த இடத்தில் கோணிக்கொள்கிறது என்று எனக்கு ஒரு முக்கியமான கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்குள் ஆம்பூர் வந்துவிட்டது.

பழமைக்கு மரியாதை என்று பார்த்தாலும், பொற்கோயிலுக்கு இன்னும் இருபது வயது முடியவில்லை. ஆம்பூர் பிரியாணியை ஆற்காட்டு நவாப் காலத்துச் சமையல் என்கிறார்கள். சீரக சம்பா, அளவான காரம், பக்கத்தில் கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. இந்தப் பரம்பரைக்கு யார் கை கூப்புவது?

"ஓரங்கட்டு, ஓரங்கட்டு" என்றார் அத்தை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓரங்கட்டியது ஷூ கடைக்கு. ஆம்பூர் தோல் ஷூ மலிவாம், கல்யாணம் காட்சிக்குப் போட மாமாவுக்கு ஒரு ஜோடி வேண்டுமாம். நடுவில் எங்கும் நிற்கக்கூடாது என்ற சட்டம் என்ன ஆயிற்று? "இது கடைதான?" மாமா ஷூவை மோந்து பார்த்து, அசல் தோல் என்று சான்றிதழ் கொடுத்தார். ஆட்டின் வெளிப்பக்கம் கோயில் நாளில் ஆகும், உள்பக்கம் ஆகாது. ஷூ கடைக்கு அடுத்த கதவு பிரியாணிக் கடை.

அங்கே மாமா ஒரு சமரசத் திட்டம் கொண்டுவந்தார். கறித்துண்டு இல்லாமல் குஸ்கா வாங்கினால்? குஸ்கா ஒரு வகையில் சைவம்தானே? "சட்டி ஒண்ணுதான?" என்றார் அத்தை. கத்திரிக்காய் மட்டும்? "கரண்டி ஒண்ணுதான?" இவ்வளவு நுணுக்கமான சட்ட அறிவு சென்னை உயர் நீதிமன்றத்தில் வீணாகாமல் பாரூரில் வீணாகிறது.

நான் என் காசில் பார்சல் வாங்கினேன். எங்கே வைப்பது என்று அடுத்த வழக்கு. பிரசாதப் பை முன்சீட்டில், பிரியாணி டிக்கியில், நடுவே எல்லைக் காவலுக்கு மாமாவின் ஷூ பெட்டி. அப்படியும் அத்தை முந்தானையால் பிரசாதத்தைப் போர்த்திக்கொண்டே வந்தார். வாணியம்பாடி தாண்டும்போது மாமா மெதுவாக, "நல்ல வாசனையா இருக்கில்ல?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியை ஏற்றச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

பாரூரில் பார்சல் ஃப்ரிட்ஜுக்குள் போயிற்று. விடிந்ததும் சாப்பிட்டுக்கொள் என்று தீர்ப்பு. விடிந்தது. விடிந்தால் திங்கட்கிழமை, சிவனுக்கு உகந்த நாள். செவ்வாய் மாரியம்மனுக்கு, வியாழன் சாயிபாபாவுக்கு, வெள்ளி எல்லா அம்மனுக்கும், சனி பெருமாளுக்கு. ஏழு நாளில் சாமிகள் எனக்கு விட்டுவைத்தது புதனும் ஞாயிறும். அந்த ஞாயிற்றிலும் பொற்கோயிலுக்கு வண்டி ஓட்டியாயிற்று. காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பார்சலை அங்கேயே விட்டுவிட்டு ஓசூருக்குக் கிளம்பினேன்.

புதன்கிழமை போன் போட்டு விசாரித்தேன்.

"எந்தப் பார்சல்?" என்றார் மாமா.