எலி முந்தியா, கடல் முந்தியா?

மாப்ள, நீ கேட்ட கேள்விய வேப்பமரத்தடியில போட்டு அலசியாச்சு. மழை எப்ப எறங்கும், பருத்தி என்ன வெலைக்குப் போகும்ங்கிற பேச்சையெல்லாம் ஓரங்கட்டிட்டு, ஊருப் பெருசுக அத்தன பேரும் உன் லீவுக்குத்தான் யோசனை பண்ணிக்கிட்டு இருக்காக. ஆர்லாண்டோவுல டிஸ்னிக்காரன் எலியப் பாத்துட்டுக் கடலுக்குப் போறதா, கடல்ல குளிச்சிட்டு எலியப் பாக்கப் போறதா? கலிபோர்னியாவுல கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லிக் குடுக்குற ஆளு, கரிசக்காட்டு மாமன்கிட்ட வந்து புத்தி கேக்குறேன்னா வெசயம் பெருசுதான்.

மொதல்ல ஒண்ணத் தெரிஞ்சுக்க. ஆர்லாண்டோவுல கடல் கெடையாது. ஃப்ளோரிடான்னதும் கதவத் தொறந்தா அலை வந்து காலத் தொடும்னு உன் மாமியா நெனச்சுக்கிட்டு இருப்பாக. அந்த ஊரு நட்ட நடு நாட்டுல கெடக்கு. எலி வீட்டுல இருந்து கெழக்க போனா கோக்கோ பீச், 100 கிலோமீட்டருக்கு மேல. மேக்க போனா கிளியர்வாட்டர், 150 கிலோமீட்டருக்குக் கிட்ட. மேக்க போற வழியில ஐ-4ன்னு ஒரு ரோடு இருக்கு. அதுல வண்டி நகராம நிக்கிறப்ப யாரு இந்த ரூட்டப் போட்டதுன்னு ஒரு விசாரணை வரும். அதுக்கு இப்பவே பதில் தயார் பண்ணிக்க.

அந்த எலி வீட்டோட கதையக் கேட்டா நம்ம ஊரு நெலத் தரகருக கையெடுத்துக் கும்புடுவாக. வால்ட் டிஸ்னி அங்க எடம் வாங்குனப்ப தன் பேர வெளியவே விடல. பேரு தெரியாத கம்பெனிகளா வச்சு, சதுப்பும் பொதருமாக் கெடந்த 27,000 ஏக்கரச் சல்லிசா வளைச்சுப் போட்டுட்டாரு. 1965ல பேப்பர்க்காரன் குட்ட ஒடச்சதும் அக்கம்பக்கத்து நெலமெல்லாம் வெல ஏறிப்போச்சு. மனுசன் 1966லயே போய்ச் சேந்துட்டாரு, பார்க் தொறந்தது 1971 அக்டோபர்ல. வாங்குனவருக்குப் பாக்கக் குடுத்து வைக்கல. வரிசையில நிக்க உனக்குக் குடுத்து வச்சிருக்கு.

என்னையும் ஒருக்கா அங்க இருக்கிற மேஜிக் கிங்டம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனியே, நெனவு இருக்கா? காரை நிறுத்துனதும் கோட்டை வந்துரும்னு நெனச்சு நான் வேட்டிய மடிச்சுக் கட்டுனேன். காரை விட்ட எடத்துல இருந்து ஒரு வண்டி. அதுல இருந்து எறங்குனாப் பையத் தொழாவிப் பாக்குற சோதனை. அதத் தாண்டுனா ஏரியில ஒரு படகு. படகு விட்டு எறங்குனா டிக்கெட் வாசல், அதத் தாண்டுனா ஒரு முழு நீளக் கடைத்தெரு. அம்புட்டையும் கடந்தாத்தான் கோட்டை. 189 அடி ஒசரமாம். 200 அடியத் தொட்டா ஏரோப்ளேனுக்காக உச்சியில செவப்பு வெளக்கு போடணும்னு சட்டமாம், அதுனால அதுக்குக் கீழயே முடிச்சுட்டானாம். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் இதவிட ஒசரம்னு அங்க நின்னு சொன்னேன். உன் மாமியாவத் தவிர ஒருத்தரும் காதுல வாங்கல.

காலையில நொழஞ்சு, ராத்திரி வாணவேடிக்கை முடிஞ்சு வெளிய வர்றப்ப உன் கையில கட்டியிருந்த கடிகாரம் பதினஞ்சு கிலோமீட்டர்னு காட்டுச்சு. ரூமுக்கு வந்து ஷூவக் கழட்டுனா, பெருவெரலுக்குப் பக்கத்துல கொப்புளம் நீர் கோத்து நிக்கிது. பேரன் உன் தோள்லயே தூங்கிட்டான். பேத்தி பலூன் கயித்த விடாமப் புடிச்சுக்கிட்டுப் பாட்டி மடியில சாஞ்சுட்டா. அப்ப நீ, 'நாளைக்கு அடுத்த பார்க்கு, எப்காட்டு'ன்ன. உன் மாமியா உன்னப் பாத்த பார்வைய நீ பாக்கல. நான் பாத்தேன்.

அதுனாலதான் சொல்றேன், எலி மொதல்ல, கடல் அப்புறம். ஊர்ப் பொங்கலுக்குத் தேரு இழுத்து முடிச்சுட்டுத்தானே கடைசி நாள் மஞ்சத்தண்ணி ஊத்திக்கிறோம்? தோள் கன்னிப்போக வடம் புடிச்சவனுக்குத்தான் அந்தத் தண்ணி குளுகுளுன்னு எறங்கும். மொத நாளே மஞ்சத்தண்ணியில ஆடிட்டுப் படுத்தா, மறுநாள் வடம் தொட ஒரு பயலும் வரமாட்டான்.

கடல மொதல்ல வச்சா இன்னொரு வில்லங்கமும் இருக்கு. தண்ணியில ஆடுறப்ப வெயில் ஒறைக்காது. சாயங்காலந்தான் தோள் செவக்கும், மறுநாள் எரியும். எரியிற தோளுல பை வாரு உக்காரணும். அதுக்கு மேல, சில ராட்டினத்துல ஏறுனா தலைக்கு மேல இருந்து ஒரு கம்பி எறங்கி அதே எடத்துல அமுக்கும். 'ஐயோ'ன்னு கத்துறது பயத்துலயா எரிச்சல்லயான்னு பக்கத்துல இருக்கவனுக்குத் தெரியாது. அது போக, எலி காத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்ச புள்ளைகளக் கடக்கரையில உக்கார வச்சுப் பாரு. அலைக்கு ஒரு தடவ, 'எப்பப்பா போறோம்?'

மடியப் பத்தியும் யோசி. பார்க்குக்குள்ள எலிக்காது வச்ச தொப்பிக்குக் காசு, எலி மூஞ்சி ஐஸுக்குக் காசு, காரை நிறுத்துனாக் காசு. 1999ல இருந்து ஒரு இருபது வருசம் சும்மாக் குடுத்துக்கிட்டு இருந்த குறுக்கு வரிசைச் சீட்ட, கொரோனாவுக்கு அப்புறம் 2021ல இருந்து காசுக்கு விக்கிறான். லைட்னிங் லேன்னு பேரு. மின்னுறது என்னமோ உன் கிரெடிட் கார்டுதான். அப்படி ஒட்டக் கறந்த பெறகு உக்காந்து மூச்சு விட, மணலுக்குக் காசு கேக்காத ஒரு எடம் வேணும்ல?

பேரன் ஒசரத்த அளந்துட்டியா? அளக்காமப் போயிராத. ஸ்பேஸ் மவுண்டன் ராட்டினத்துல ஏற 44 அங்குலம் வேணும், ட்ரானுக்கு 48. வீட்டுச் செவுத்துல நிறுத்திப் பென்சில் கோடு போட்டுப் பாத்துக்க. அங்க ஒரு அளவுக்கோல நட்டு வச்சு, பக்கத்துல சிரிச்ச மொகமா ஒரு பொண்ண நிறுத்தியிருக்கான். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே இல்லேன்னு சொல்லும். கால் அங்குலம் கொறஞ்சாலும் இல்லதான், மேனேஜரக் கூப்புடுன்னாலும் இல்லதான். நீயும் உன் வீட்டுக்காரியும் ஆளு மாத்தி ஏறிக்கலாம், ரெண்டாவது ஆளு முழு வரிசையும் மறுபடி நிக்க வேண்டாம், அதுக்கு வழி வச்சிருக்கான். ஆனா பயல் அழுகைய என்ன பண்ணுவ? அத ஆத்துறதுக்கும் பின்னால ஒரு கடல் இருக்கணும்.

இப்ப வானத்துக்கு வருவோம், அதுல எனக்குக் கொஞ்சம் படிப்பு உண்டு. நீ போறது ஜூலைக் கடைசி. அந்தச் சீமையில கோடை முச்சூடும் மத்தியானத்துக்கு மேல இடி மின்னல்தான். மின்னுச்சுன்னா வெட்டவெளி ராட்டினத்த நிறுத்திருவான். கடல்லயும் விசிலடிச்சு எல்லாத்தையும் கரையேத்திருவான். இதுல எலிக்கும் கடலுக்கும் வித்தியாசம் இல்ல, எங்க போனாலும் வெரசாக் கெளம்பணும். வித்தியாசம் புயல்லதான். ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் அங்க புயல் காலம். 2024 அக்டோபர்ல மில்டன் வந்தப்ப எலியே கடையச் சாத்திட்டு உள்ள உக்காந்துக்கிருச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முந்தி ஹெலீன் வந்தப்ப, கிளியர்வாட்டர் கடக்கரைத் தெருவுக்குள்ள கடலே ஏறி வந்துருச்சு. புயல்னா மொதல்ல காலி பண்ணச் சொல்றது கடக்கரையத்தான். அதுனால கடலக் கடைசியில வச்சு, ரத்து பண்ணுனாக் காசு திரும்பி வர்ற ரூமாப் போடு. காத்து பெருசா வருதுன்னு சேதி வந்தா, ஆர்லாண்டோவுல இருந்தே வீட்டப் பாத்து ஏறிரலாம். பார்க் டிக்கெட்டு அப்படி இல்ல, தொடங்குற தேதி குறிச்சு வாங்கணும், அதுல இருந்து இத்தன நாளைக்குள்ள தீத்துரணும். அத முன்னாடி நட்டு வச்சுட்டு, கடல ஆட விடு.

இம்புட்டும் உனக்குச் சாதகமாப் பேசிட்டேன்னு மீசைய முறுக்காத. உன் வீட்டுக்காரி கடல்தான் மொதல்லங்கிறா. ஏன்னு கேட்டியா? கேட்டிருந்தா எனக்குப் போன் பண்ணியிருக்க மாட்ட. 'மாமாவே சொல்லிட்டாரு'ன்னு என் தலைய அவ முன்னால உருட்டத்தானே இந்த விசாரிப்பெல்லாம்?

அவ பக்கம் ஞாயம் இருக்கு மாப்ள. உங்க ஊருக்கும் அந்த ஊருக்கும் மூணு மணி நேர வித்தியாசம். ஒம்பது மணிக்குத் தொறக்குற பார்க்குல, டிஸ்னி ஓட்டல்லயே தங்குனவுகள அரை மணி முந்தி விடுறான். எட்டரைக்கு வாசல்ல நிக்கணும்னா ஏழுக்காவது எந்திரிக்கணும். அப்ப உன் வீட்டுப் புள்ளைக ஒடம்புக்கு மணி நாலு. நாலு மணிக்கு எழுப்புன புள்ளையக் கொண்டுபோய் இளவரசி முன்னால நிறுத்து, என்ன நடக்குதுன்னு பாப்போம். கடல்னா எப்ப எந்திரிச்சுப் போனாலும் அங்கனதான் கெடக்கும். இதுக்கு நீ ஒண்ணு பண்ணலாம், எறங்குன மறுநாள் பார்க்குப் பக்கம் தல வைக்காத. ஓட்டல் தொட்டியில புள்ளைகள நீந்த விட்டுட்டு, பைய ஊரச் சுத்திப் பாரு. எலி ஓடிறாது.

ஆனா அவ நெசமாப் பயப்படுறது மணிக்கணக்குக்கு இல்ல. யுனிவர்சல்காரன் எபிக் யுனிவர்ஸ்னு புதுசா ஒரு பார்க்கு தொறந்தானாமே, 2025 மே மாசம்? நீ சோத்துத் தட்டு முன்னால உக்காந்துக்கிட்டே அதோட வீடியோவப் பாக்குறன்னு சேதி வருது. டிஸ்னி நாலு, யுனிவர்சல் இன்னொரு பக்கம்னு இருக்கிற ஊருல, கடலக் கடைசியில வச்சா, 'வந்தது வந்துட்டோம், இன்னும் ஒரே ஒரு பார்க்கு'ன்னு அவ கடல நீ தின்னுருவ. அதுக்குத்தான் மொதல்லயே வாங்கி வச்சுக்கிறலாம்னு பாக்குறா. கூட இருந்து பாத்தவளுக்குத் தெரியாதா? புயலுக்குன்னா ரத்து பண்ணலாம், எபிக் யுனிவர்ஸுக்குன்னா ரத்து பண்ண முடியாதுன்னு எங்கயாச்சும் ரூம் கெடைச்சா அதப் போடு. கெடைக்கலன்னா, ரூம அவ பேருல, அவ போன்ல போடு.

எந்தக் கடல்? கோக்கோ பீச் அட்லாண்டிக் பக்கம். அலை கொஞ்சம் முரடு, பலகைய வச்சு அலையேறுற பயலுக கூடுற எடம். பக்கத்துலயே கென்னடி ஸ்பேஸ் சென்டர், 1969ல சந்திரனுக்கு ஆளு கெளம்புன எடம். நேரம் வாச்சா ராக்கெட்டு போறதையும் பாக்கலாம். ராக்கெட்டுன்னா நீ அங்கயும் ஒரு பார்க்கத் தேடிப் புடிச்சு வரிசையில நிப்ப. கிளியர்வாட்டர் மேக்க, வளைகுடாப் பக்கம். தண்ணி பெரும்பாலும் சாது, மணல் வெள்ளையா நைசா இருக்கும், பொழுது கடலுக்குள்ள விழுகும். உன் மாமியாவுக்கும் புள்ளைகளுக்கும் அதுதான் தோது. எந்தக் கரைன்னாலும் கம்பத்துல என்ன கொடி பறக்குதுன்னு பாத்துட்டு எறங்கு. பச்சைன்னா சாந்தம், செவப்புன்னா ஆபத்து, ரெட்டைச் செவப்புன்னாத் தண்ணியத் தொடவே கூடாது. ஊதான்னா சொறிமீன் மாதிரி கடிக்கிறது எதோ வந்திருக்குன்னு அர்த்தம்.

கிளியர்வாட்டர்ல முடிச்சா மறுபடி ஆர்லாண்டோவுக்கு ஓடி வராத. டாம்பாவுல விமான நெலையம் பக்கத்துலதான். போறது ஆர்லாண்டோ, வர்றது டாம்பான்னு டிக்கெட் போடு. டிஸ்னி ஓட்டல்ல இருக்கிறவரைக்கும் அவன் பஸ்ஸே சும்மா வருது, அந்த நாளெல்லாம் வாடகைக் காரை நிறுத்தி வச்சு அழுகாத. கடலுக்குக் கெளம்புற அன்னைக்கு எடுத்தாப் போதும். எடுத்த ஊருல விடாட்டிக் கூடக் கேப்பான், மொதல்லயே விசாரிச்சுக்க.

பாதி பார்க்கு, நடுவுல கடல், மறுபடி பார்க்குன்னு பஞ்சாயத்துத் தீர்ப்பு ஒண்ணும் ஒனக்குத் தோணும். வேண்டாம். பொட்டியக் கட்டுறதும் அவிக்கிறதுமா லீவு போயிரும், ஈரத்துணி எந்தப் பொட்டியில இருக்குன்னு ஒரு தனிச் சண்டை நடக்கும். கடலுக்கே போக வேண்டாம்னா அதுக்கும் டிஸ்னிக்காரன் வழி வச்சிருக்கான். டைஃபூன் லகூன்னு பேரு. மணலக் கொட்டி, தொட்டியில மிசினு வச்சு அலை விடுறான். அதுக்கும் டிக்கெட்டு. அதப் பத்தி வீட்டுல வாயத் தொறக்காத, புள்ளைக காதுல விழுந்துறப் போகுது.

சரி, வைக்கிறேன், மாட்டுக்குத் தண்ணி காட்டணும். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நீ கூப்புடுறதுக்கு முந்தியே காலையில அவ கூப்புட்டுட்டா. 'கடல்தான் மொதல்ல தாயி, நீ சொல்றதுதான் சரி'ன்னு சொல்லிட்டேன். போன தடவ எனக்கு மூக்குக்கண்ணாடி மாத்திக் குடுத்தது அவதானே, நீயா?