வாத்தியாரே, கடலுக்குக் கரண்டு பில்லு வரும்!

வாங்க வாத்தியாரே, திண்ணையில உக்காருங்க. செவுத்துல மட்டும் சாயாதீங்க, சுண்ணாம்பு ஒட்டும்.

மூணாம் வகுப்புல கண்ணாடித் தொட்டி வச்சு, பவளப்பாறையோட ஒரு கடலையே உள்ள இறக்கப் போறீங்களாமே? பேத்தி வந்து சொன்னா. ஜன்னலத் தொறந்தா மன்னார் வளைகுடா. அதைச் சாத்திப்புட்டு உள்ளுக்குள்ள இன்னொரு கடல் செய்யணும்னா, அதுக்குன்னு தனியாப் படிச்சிருக்கணும்தான்.

செய்யுங்க, வேணாங்கல. ஆனா பக்கத்துலதான கடல் கெடக்குன்னு கரையில போயி குடத்துல மொள்ளாதீங்க. எங்க வள்ளத்து டீசலும் ஊருச் சாக்கடையும் அதுலதான் கலந்து கெடக்கு. சுத்தம் பண்ணின தண்ணியில, தொட்டிக்குன்னே விக்கிற உப்ப லிட்டருக்கு 35 கிராம் கணக்குல கரைக்கணும். உப்பளம் இருக்குற சீமையில உப்ப வெலைக்கு வாங்குறதான்னு சமையல் உப்பக் கொட்டிராதீங்க. அது கொழம்புக்குத்தான் ஆகும்.

200 லிட்டர் தொட்டின்னா தண்ணி மட்டுமே 200 கிலோ. கல்லு, மணல், கண்ணாடியச் சேத்தா சத்துணவு அரிசி மூட்டை அஞ்ச அடுக்குன மாதிரி. உங்க மேசை மூணு காலுல நிக்கிறது, நாலாவதுக்குச் செங்கல்லு. அதைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க.

மொத மாசம் மீனே விடக் கூடாது. மீன் கழிவுல வர்ற அமோனியா மீனையே கொன்னுரும். அதை ஒரு கிருமி நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கிருமி அதை நைட்ரேட்டா மாத்தும். இந்த ரெண்டு சம்சாரியும் கல்லுலயும் மணல்லயும் குடியேற ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். அதுவரைக்கும் வெறும் தண்ணியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். மேலதிகாரி வந்து "இதுல என்னய்யா இருக்கு?"ன்னு கேட்டா, "கிருமி வளக்குறோம்யா"ன்னு சொல்ற தைரியம் இருக்கா?

தண்ணி வத்தும், உப்பு வத்தாது. வத்துன அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணிய ஊத்தினீங்கன்னா, கொஞ்ச நாள்ல கருவாடு ஊறப் போடலாம். செப்புக் குடத்துத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுன்னு நீங்க குடிப்பீங்க; பவளத்துக்குச் செம்பு வெசம். முப்பது புள்ளைகளும் பாசமா ஆளுக்கொரு சிட்டிகை தீனி போட்டா, மீனு பசியில சாகாது, பாசத்துல செத்துரும்.

பவளம் கல்லில்ல வாத்தியாரே, உசுரு. அது ஒடம்புக்குள்ள ஒரு பாசி குடியிருந்து வெயில்ல சமைச்சுப் போடுது. சூடு ஏறுனா வீட்டுக்காரன் குடித்தனக்காரனை வெளிய தள்ளிருவான். அப்புறம் சோறும் கெடையாது, நெறமும் கெடையாது, வெள்ளையா வெளுத்துரும். 2016 கோடையில இந்தப் பெரிய கடலே தாங்காம வெளுத்துச்சு. உங்க தொட்டி தாங்குமா? 25, 26 டிகிரியில நிறுத்தக் குளிரூட்டுற மிஷின் வேணும், அதுக்குக் கரண்டு வேணும். சித்திரையில நம்ம ஊருல கரண்டு எந்த நேரம் இருக்கும்னு எனக்குச் சொல்லுங்க. நீங்களோ முழுப்பரீட்சை முடிஞ்சதும் பூட்டிட்டுச் சொந்த ஊருக்குப் பஸ் ஏறிருவீங்க.

அதனால மொதல்ல கோமாளி மீனு ரெண்டோட நிறுத்துங்க. கடல்ல பிடிச்சது வேணாம். தொட்டியிலயே பொரிச்சது கெடைக்கும். மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்களே பொரிக்க வச்சுக் காட்டியிருக்காங்க. பவளக் கல்லுக்குப் பதிலாச் சிமெண்டுல ஒண்ணு செஞ்சுக்கங்க. அந்த மீனு எல்லாம் ஆணாத்தான் வளருது. ஜோடியில பெருசா இருக்கறது பொண்ணா மாறி வீட்ட ஆளும். இத மூணாம் வகுப்புக்கு எப்படி வெளக்குறீங்கன்னு பாக்க நானும் கடைசி பெஞ்சுல வந்து உக்காருவேன்.

சரி, வந்த காரியத்துக்கு வாங்க. "தாத்தா, தீவுப் பக்கம் போனா ஒரு துண்டு பவளம் எடுத்தாங்க"ன்னு கேக்கத்தான வந்தீங்க? முகத்துலயே தெரியுது. 21 தீவும் 1986லயே தேசியப் பூங்கா ஆயிருச்சு. 2001ல பவளத்தையும் புலியோட ஒரே பட்டியல்ல சேத்துட்டான் சர்க்காரு. புலிக்குட்டி ஒண்ணு புடிச்சுத் தாங்கன்னு கேப்பீங்களா?

நாங்க கேக்காமலே எடுத்தோம். வள்ளம் வள்ளமா வெட்டிக் காளவாய்க்கு அனுப்புனோம். இந்தத் திண்ணைச் செவுத்துக்குப் பூசுன சுண்ணாம்பும் அந்தப் பவளம்தான். ஒருநாள் புள்ளைகளை இங்க கூட்டியாங்க. அது உசுரோட இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்றேன். செவுத்தத் தொட்டுப் பாக்கட்டும், கரண்டு பில்லு கெடையாது.

அட, சாஞ்சிட்டீங்களா? சொன்னேன்ல. சட்டையில ஒட்டுனது தொவச்சாப் போயிரும் வாத்தியாரே. எனக்கு ஒட்டுனதுதான் இன்னும் போகல.