ஒருவழி யாத்திரையில் செருப்பின் நிலை: சிங்கப்பூர்த் தைப்பூச நடையை முன்வைத்து ஓர் ஆய்வு

தைப்பூசத்தை ஆராய்ந்தவர்கள் அலகைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், காவடியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அருள் வருவது மனத்தின் வேலையா உடம்பின் வேலையா என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். செருப்பைப் பற்றி, அடியேன் தேடிய வரை, ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிராங்கூன் சாலையில் அன்று ஆயிரக்கணக்கானோர் செருப்பைக் கழற்றுகிறார்கள். கழற்றிய இடத்துக்கு அவர்கள் திரும்பி வரப்போவதில்லை, ஏனென்றால் நடை முடிவது இன்னொரு கோயிலில். அப்படியானால் அந்தச் செருப்புகள் என்ன ஆகின்றன? இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே இத்துறை இத்தனை காலம் தழைத்திருப்பது வியப்புக்குரியது. இக்கட்டுரை அக்குறையைத் தீர்க்க முற்படுகிறது.

களத்தை முதலில் வரையறுத்துவிடுவோம். நடை தொடங்குவது சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில். 1855-இல் தோன்றிய கோயில் அது. முடிவது தேங் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1859-இல் கட்டியது, இப்போதுள்ள கட்டடம் 1983-இல் எழுந்தது. இடைப்பட்ட தூரம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். தேக்காவைக் கடந்து, சிலிகி சாலை, டோபி காட் வழியாகப் போனால் சாதாரண நாளில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தைப்பூசத்தன்று வரிசையில் நிற்பதையும் காவடிக்கு வழிவிடுவதையும் சேர்த்தால் பல மணி நேரம் பிடிக்கலாம். பழனிக்கு நாள்கணக்கில் நடக்கும் காரைக்குடிக்காரர்கள் இதையெல்லாம் யாத்திரை என்று ஒப்புக்கொள்வார்களா என்பது தனி விவாதம். நம் ஆய்வுக்குத் தூரம் பொருட்டல்ல. செருப்பை விட்டுவிட்டு வந்தால் திரும்பிப் போய் எடுக்கச் சோம்பல் வருகிற அளவுக்குத் தூரம் இருக்கிறதா என்பதே பொருட்டு. இருக்கிறது.

இனிக் கோட்பாடு. உலக யாத்திரைகளை இதுவரை சமயவாரியாகவே பிரித்து வந்திருக்கிறார்கள். அது பயனற்ற பிரிவினை. செருப்பின் நோக்கில் யாத்திரைகள் இரண்டே வகை: வட்டம், கோடு. திருவண்ணாமலை கிரிவலம் வட்டம். பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம், விட்ட செருப்பு விட்ட இடத்தில் இருக்கும், அல்லது இல்லாமலிருக்கும், எப்படியும் விஷயம் தெரிந்துவிடும். ஜப்பானில் ஷிகோக்கு தீவின் எண்பத்தெட்டுக் கோயில்களைச் சுற்றும் பாதை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். அதுவும் வட்டமே. ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரை கோடு. அங்கே பூட்ஸ் போட்டுக்கொண்டே நடக்கிறார்கள், ஆகவே சிக்கல் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. தேய்ந்த பூட்ஸை என்ன செய்வதென்று தெரியாத சிலர் மேற்குக் கரையில் ஃபினிஸ்டெர் முனைவரை போய் அதைக் கொளுத்திவிடும் வழக்கம் இருந்திருக்கிறது. சிங்கப்பூரில் அதற்கு அனுமதி கிடைக்காது.

இந்த இருவகைப் பாகுபாட்டுக்குப் புராணச் சான்றும் உண்டு. மாம்பழத்துக்காக முருகன் உலகைச் சுற்றியது வட்டம். பழம் அண்ணனுக்குப் போய்விட்டதென்று கோபித்துக்கொண்டு பழனிக்குப் போனது கோடு, திரும்பிவரும் உத்தேசமே இல்லாத சுத்தமான கோடு. வேல் பிடித்த அந்தப் பிள்ளைக்கு இதனால் இடைஞ்சல் ஒன்றும் நேரவில்லை, ஏறிப் போக மயில் இருந்தது. தேங் ரோட்டு முருகனோ இன்னும் விவரமானவர். தைப்பூசத்துக்கு முதல் நாள், செட்டிப்பூசத்தன்று, வெள்ளி ரதத்தில் ஏறி கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போகிறார், அண்ணனைப் பார்க்கிறார், மாலையில் தன் கோயிலுக்கே திரும்பிவிடுகிறார். ஆண்டவன் வாகனத்தில், வட்டமாக. அடியார் வெறுங்காலில், கோடாக. இந்த ஏற்பாட்டில் யாருடைய வசதி கருதப்பட்டிருக்கிறது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

தொடங்குமிடம் பெருமாள் கோயிலாக அமைந்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாதுகையை வைணவர்களைப் போல் கொண்டாடியவர்கள் வேறு யாருமில்லை. இராமனின் பாதுகைகள் பதினான்கு ஆண்டுகள் அரியணையில் இருந்து நாடாண்டன. வேதாந்த தேசிகர் திருவரங்கன் பாதுகைகளைப் பற்றி மட்டும் 1,008 சுலோகங்கள் செய்தார், அதையும் ஒரே இரவில் செய்து முடித்தார் என்பது மரபு. பெருமாள் கோயிலுக்குப் போனால் நம் தலையில் வைக்கும் சடாரியின் மேல் இருப்பதும் திருவடிதான். ஆக, உள்ளே பெருமாளின் பாதுகையைப் பக்தர் தலையில் தாங்குகிறார், அதே நேரத்தில் அவருடைய சொந்தச் செருப்பு வெளியே ஆயிரம் செருப்புகளுக்கு நடுவே அநாதையாகக் கிடக்கிறது. பரதனைப் போல் ஒரு தம்பி வாய்த்தவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

அந்தத் தம்பியைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும். களத்தில் கவனித்தவரை, செருப்பைச் சமாளிக்கும் முறைகள் பல. வீட்டிலிருந்தே வெறுங்காலோடு வருபவர்கள் உண்டு. அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கியிலும் டாக்சியிலும் வெறுங்காலோடு ஏறும் அந்தத் துணிவு எல்லோருக்கும் வாய்க்காது. நைந்துபோன பழைய சிலிப்பரைப் போட்டுக்கொண்டு வந்து, கோயில் வாசலில் கழற்றி, அதோடு தீர்ந்தது என்று போய்விடுபவர்கள் உண்டு. பழைய வினையைக் கழிக்க வந்த இடத்தில் பழைய செருப்பையும் கழிப்பதில் தத்துவப் பிழை ஏதுமில்லை. மறுநாள் துப்புரவு செய்பவரின் கருத்து வேறாக இருக்கலாம். காரில் வைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. நடை முடிந்ததும் கார் அந்தப் பக்கமும் அவர்கள் இந்தப் பக்கமுமாக இருப்பதால், அவர்கள் தம் சிக்கலைத் தீர்க்கவில்லை, நான்கு சக்கரம் பூட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அவ்வளவே.

பெரும்பான்மையினர் நம்பியிருப்பது பை தூக்குபவரை. நேர்ந்துகொண்டவருக்குப் பின்னால் ஓர் எட்டுத் தள்ளி, தோளில் பையோடு, கண்ணைப் பால்குடத்தின் மேலேயே வைத்துக்கொண்டு வருவாரே, அவர்தான். அக்காவாக இருப்பார், மச்சானாக இருப்பார், கூட வேலை பார்க்கும் நண்பராக இருப்பார். பழனிப் பாதயாத்திரைக் குழுக்களோடு சாமான் வண்டி வரும். இங்கே வண்டியும் இவரே. பையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இந்நடையின் முழு உள்ளமைப்பும் தெரியும்: துண்டு, தண்ணீர் போத்தல், மூக்குக் கண்ணாடி, கைப்பேசி, ஈஸிலிங்க் அட்டை, மாற்று உடை, எல்லாவற்றுக்கும் அடியில் செய்தித்தாளில் சுற்றிய செருப்பு.

சில பைகளில் செருப்புக்குப் பதிலாக மெருகேற்றிய அலுவலகக் காலணி இருக்கும். இதற்குக் காரணம் அரசியல் வரலாறு. தைப்பூசம் ஒரு காலத்தில் இங்கே பொது விடுமுறை, 1968-இல் அது பட்டியலிலிருந்து நீங்கியது. வேலை நாளில் பூசம் விழுந்தால், நள்ளிரவை ஒட்டியே புறப்படும் பால்குடங்களோடு நடந்துவிட்டு, குளித்து, காலையில் நேராக அலுவலகம் போய்விடுபவர்கள் உண்டு. மஞ்சள் வேட்டியிலிருந்து கால்சட்டைக்கு மாறுவது எளிது. நெற்றியில் விபூதியைப் பார்த்தால் மேலாளர் புரிந்துகொள்வார். வெறுங்காலைப் புரிந்துகொள்ள மாட்டார்.

பையின் வகை குறித்தும் ஒரு சொல். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது ஐந்து காசு கட்டணம். செருப்பு சுற்றும் பைக்குப் பணம் கொடுப்பதா என்ற கேள்வி எழுந்ததும், யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த தாம்பூலப் பைகள் அலமாரியிலிருந்து வெளியே வந்தன. மணமக்கள் பெயரும் தேதியும் பொன்னெழுத்தில் மின்னும் பைக்குள் சேறு படிந்த சிலிப்பர் ஊர்வலம் போவதை நீங்களும் பார்த்திருக்கலாம்.

பை தூக்குபவர் செருப்பணியலாமா? சாத்திரம் இதில் தெளிவாக இல்லை. அவருக்கு நேர்த்திக்கடன் இல்லை, விரதம் இல்லை, நாற்பத்தெட்டு நாள் சைவச் சாப்பாடும் இல்லை. சட்டப்படி அவர் பாதசாரி. ஆனால் முன்னே தம்பி வெறுங்காலில் நடக்கும்போது பின்னே சிலிப்பர் ‘சடக் சடக்’கென்று ஒலிக்க நடப்பது அக்காவுக்குச் சங்கடமாக இருக்கிறது. சிலிகி சாலை வருவதற்குள் அவரும் கழற்றிவிடுகிறார். கழற்றியதை எங்கே வைப்பது? பையில்தான். போட்டு நடக்க வேண்டிய ஒருவர், நேர்ந்துகொள்ளாத ஒருவர், தன் செருப்பைத் தானே சுமந்துகொண்டு அதே தார்ச்சாலையில் வெறுங்காலில் நடக்கிறார். காவடி எடுப்பவருக்காவது கணக்கு முருகனிடம் இருக்கிறது. இவர் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. ஊர்வலத்தில் இசைக் கருவிகளுக்கு 1973-இலிருந்து இருந்த தடை தளர்ந்து, 2016 முதல் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசை உண்டு. அந்த இடங்களில் எல்லோரும் கையை உயர்த்தி ஆடும்போது ஒருவர் மட்டும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆடினால், அவர் இவரே.

வெறுங்காலின் எதிரி வெயிலும் தாரும். கறுப்பு வெயிலை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பும் என்பது பள்ளிக்கூடத்து இயற்பியல். நண்பகலில் நடப்பவர்கள் அதைக் காலால் கற்றுக்கொள்கிறார்கள்: சாலையின் வெள்ளைக் கோட்டைக் கண்டால் அதன்மேல் நடக்கிறார்கள், பாதசாரிகள் கடக்கும் வரிப்பட்டையில் வெள்ளை விட்டு வெள்ளைக்குத் தாவுகிறார்கள். சாக்கடையின் இரும்பு மூடியை மிதித்தவர் மறுமுறை மிதிப்பதில்லை. இந்தப் பின்னணியில்தான் ஆணிச்செருப்பைப் பார்க்க வேண்டும். மூன்று கிலோமீட்டரிலும் செருப்பணிந்து நடக்கும் பக்தர் ஒருவர் உண்டென்றால் அவர் அணிந்திருப்பது பலகையில் வரிசையாக ஆணி அறைந்த செருப்பு, கூர் மேல் நோக்கி. அதற்கு மட்டும் யாரும் முகம் சுளிப்பதில்லை. செருப்பின் மேல் இந்தச் சமயத்துக்குப் பகை இல்லை, அதன் சுகத்தின் மேல்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. காளத்தியில் கண்ணப்பர் செருப்புக் காலை இறைவன் கண்ணருகே ஊன்றியபோதும் யாரும் அவரைக் கழற்றிவிட்டு வரச் சொல்லவில்லை.

பை தொலைந்தால், அல்லது பை தூக்குபவர் கூட்டத்தில் பிரிந்துவிட்டால், வெறுங்காலில் வீடு திரும்புவதே வழி. முன்பு டோபி காட் வரை நடக்க வேண்டியிருந்தது. 2017-இல் ஃபோர்ட் கெனிங் நிலையம் திறந்தபின் கோயிலுக்குப் பக்கத்திலேயே ரயில். நுழைவதும் உட்காருவதும் பிரச்சினையில்லை. மின்படிகளின் பள்ளமும் மேடுமான இரும்புப் பற்களைப் பார்க்கும்போதுதான், அன்று காலை முதுகில் கொக்கி மாட்டிக்கொள்ளத் தயங்காத ஒருவர் முதல்முறையாகத் தயங்குகிறார். கொள்ளைநோயால் 2021, 2022 ஆண்டுகளில் பாதஊர்வலம் நடக்கவில்லை. எல்லாச் செருப்பும் உரியவர் காலிலேயே இருந்த அந்த ஆண்டுகளின் தரவை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம். 2023 பிப்ரவரி 5 அன்று ஊர்வலம் திரும்பியதும் நிலைமை பழையபடி ஆனது.

கடைசிச் சிக்கல் தேங் ரோடு வாசலில். பால் உள்ளே போகிறது, பால்குடம் எடுத்தவர் போகிறார், பை தூக்கிய அக்காவும் போக வேண்டும், அபிஷேகத்தைப் பார்க்காமல் மூன்று கிலோமீட்டர் நடந்து என்ன பயன்? ஆனால் கையில் இருப்பது செருப்புப் பை, அதைச் சந்நிதிக்கு எடுத்துப் போக மனம் ஒப்புவதில்லை. வெளியே வைத்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்? பை தூக்குபவருக்கு ஒரு பை தூக்குபவர் தேவைப்படுகிறார். அவரும் பக்தராக இருந்தால் அவருக்கும் ஒருவர் தேவை. தருக்க நூலார் இதை முடிவின்மைக் குற்றம் என்பர். சங்கிலி எங்காவது அறுபட வேண்டுமானால், உள்ளே போக விரும்பாத ஒருவர் குடும்பத்தில் இருந்தாக வேண்டும்.

இருக்கிறார். பெரியார் 1929-இல் மலாயா வந்துபோனார், 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, அலகு குத்துவதும் தீமிதிப்பதும் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவை என்று அக்காலச் சீர்திருத்தக்காரர்கள் எடுத்துச் சொன்னார்கள். அந்தப் பேச்சின் விளைவாகத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு சித்தப்பா உருவானார். கோயிலுக்கு வருவார், உள்ளே வர மாட்டார். ஊர்வலம் நின்றுவிடும் என்று சீர்திருத்தக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு: ஊர்வலம் தடையின்றி நடக்கத் தேவையான ஒரே ஒரு ஆளை அவர்கள் தயாரித்துக் கொடுத்தார்கள். நடைபாதை ஓரத்தில், சட்டைப் பையில் பேனா செருகிய அந்தச் சித்தப்பா, தன் செருப்பைக் காலில் போட்டபடியே, சுற்றிலும் ஏழெட்டுப் பைகளோடு நிற்கிறார். எந்தப் பை யாருடையது என்பது அவருக்குத் தெரியும்.

“எல்லாம் முடிஞ்சுதா?” என்று கேட்கிறார். “சரி, அன்னதானத்துக்கு வரிசை எந்தப் பக்கம்?”