விமானி அங்கி பரிபாலனம்: ஓர் ஆராய்ச்சி

ஆகாய மார்க்கத்தில் சஞ்சரிப்போரின் தேகத்தைக் குளிரினின்றும் ரட்சிக்கும்பொருட்டு 1931-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு ஏற்றுக்கொண்ட ஏ-2 என்னும் குதிரைத்தோல் அங்கியானது, பழநிக்கு அண்மையில், கரும்பும் வெயிலும் குறைவின்றி விளையும் நெய்க்காரப்பட்டியிலே, அணிவாரின்றிப் பீரோவில் வாசம் செய்ய நேர்ந்தால் அதனைப் பேணும் முறை யாதென்று எந்தச் சாஸ்திரமும் விதிக்காமையால், அக்குறையை நிவர்த்திக்கவே இவ்வாராய்ச்சி எழுந்தது. ஆதாரமான அங்கி எம் பெரிய மாமனுடையது. அது வந்த வரலாற்றில் பாடபேதம் உண்டு: யுத்த காலத்துச் சூலூர் விமானத் தளத்துச் சரக்கு என்பது ஒரு பாடம், சென்னை மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியது என்பது மற்றொன்று. இரண்டையும் மாமனே சொல்லியிருப்பதால் இரண்டும் பிரமாணமே.

ஆயிரம் மீட்டர் உயர ஏறினால் ஏறக்குறைய ஆறரை பாகை உஷ்ணம் குறையும் என்பர் வானிலை நூலோர். பதினையாயிரம் அடியில் பறந்தவனுக்கு அங்கி அத்தியாவசியம்; ஆனால் ஆயிரம் அடி உயரத்து நம் ஊரில் அதனை மாட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்த மாமனை நோக்கி, “ஏனுங்க, இதைப் போட்டுக்கிட்டு எங்கீங்க பறக்கப் போறீங்க?” என்று அத்தை எழுப்பிய வினாவுக்கு இன்றுவரை விடை இல்லை.

பராமரிப்பைப் பற்றிய பூர்வபட்சங்கள் மூன்று. முதலாவது எண்ணெய்வாதம். தலைக்கு நல்லது தோலுக்கும் நல்லதே எனத் தேங்காயெண்ணெய் பூசுவோர் இம்மதத்தினர். எண்ணெயோ அளவின்றி உள்ளிறங்கி, நிறத்தைக் கருக்கி, நாரைத் தளர்த்தி, சில மாதங்களில் சிக்கு வாடையாக வெளிப்படும். இரண்டாவது வெயில்வாதம். கத்திரி வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்ட அங்கி தன் கொழுப்புப் பசையை இழந்து, முழங்கை மடிப்பில் அப்பளம்போல் வெடிக்கும். மூன்றாவது பாலிதீன்வாதம். காற்றுப் புகாத உறைக்குள் ஐப்பசி மழையின் ஈரத்தையும் சேர்த்துக் கட்டிவைப்பதால், கார்த்திகையில் உறையைப் பிரிக்கும்போது காலரின் அடியிலும் அக்குளிலும் வெண்ணிறப் பூசணம் திருநீறு இட்டிருக்கும். மூன்று மதங்களும் அன்பினால் விளைந்தவை. அங்கிக்குக் கேடு விளைந்ததும் அந்த அன்பினால்தான்.

இனிச் சித்தாந்தம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிடுவதில் சென்னை ராஜதானி உலகப் பிரசித்தி பெற்றிருந்ததும், அத்தொழில் நம் திண்டுக்கல்லிலேயே வேரூன்றியதும் யாவரும் அறிந்தவை. அங்கியின் தோலும் இவ்வாறு பட்டையால் பதப்பட்டதாயின், ஈரமும் உஷ்ணமும் ஒருங்கே தாக்கினால் சுருங்கும். ஆதலின் இஸ்திரிப் பெட்டி மகாபாதகம். நனைந்தால் நிழலில் மெல்ல உலர்த்துக. கம்பி ஹேங்கர் தோளில் கூர் எழுப்பும். அகன்ற மரத்தாங்கியே உத்தமம். உறை வேண்டின் பழைய பருத்தி வேட்டி போதும். அந்துப்பூச்சியின் புழு பெரும்பாலும் தோலைத் தொடாது; மணிக்கட்டிலும் இடுப்பிலும் உள்ள கம்பளிப் பின்னலையே தின்னும் என்பதால், பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து, தோலில் படாமல் அருகே வைக்கவும். ஜிப் முரண்டு பிடித்தால் மெழுகுவர்த்தியால் அதன் பற்களை ஒரு முறை தேய்த்தல் சாலும். தோலுக்குரிய பசை விரல்நுனியளவு, ஆண்டுக்கு ஒருமுறை. இதற்குமேல் செய்வன யாவும் உபத்திரவம்.

எனினும் உடுத்தப்படாத தோல் மடிந்து விரியும் பழக்கத்தை மறந்து விறைத்துவிடுமாதலால், அணிதலே தலையாய பராமரிப்பு. நெய்க்காரப்பட்டியிலோ மார்கழி விடியலைத் தவிர அதற்கு வாய்ப்பில்லை. ஆகவே, ஏழாயிரம் அடி உயரத்துக் கொடைக்கானலுக்கு, அஃதாவது நம் ஊரினும் பன்னிரண்டு பாகை குளிர்ந்த பிரதேசத்திற்கு, ஆண்டுதோறும் அங்கியை அழைத்துச் செல்வதென்று எம் குடும்பத்தில் தீர்மானமாயிற்று. அத்தையும் ஆட்சேபிக்கவில்லை, அவருக்கு ஏரியில் படகு விட வேண்டுமாம். ஒரு சட்டையைக் காப்பதற்காகக் குடும்பமே மலையேறுவது விந்தையெனத் தோன்றலாம். ஆனால் மனிதனை உயரத்திற்குக் கொண்டுபோகவென்றே பிறந்த அவ்வங்கி, விமானம் கிடைக்காதபோது அரசுப் பேருந்தில் ஏற்றியாவது தன் பிறவிக் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறது என்க.