மெரினா பேயா, செந்தோசாவா?

கேள்வி: ஓய்வு பெற்ற கையோடு குடும்பமாக சிங்கப்பூர் போகிறோம். மெரினா பே சாண்ட்ஸில் தங்குவதா, ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசாவிலா? இரண்டிலும் கேசினோ உண்டாமே!
- சுரங்க ஊழியர், நெய்வேலி

பதில்: பேரப்பிள்ளைகள் கூட வந்தால் செந்தோசா, யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பக்கத்திலேயே இருக்கிறது. தம்பதியாக மட்டும் என்றால் மெரினா பே. 57-வது மாடி நீச்சல் குளம் அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும்தான். விளிம்பில் கையூன்றி நின்று ஊரையே பார்க்கலாம். கேசினோவா? சிங்கப்பூர்க் குடிமக்கள் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 டாலர் கட்ட வேண்டும். பாஸ்போர்ட் காட்டும் நமக்கு இலவசம்! சொந்தப் பிள்ளைக்கு வேலி, விருந்தாளிக்குத் திறந்த கதவு. நெய்வேலியில் தோண்டினால் கரி கிடைக்கும். அங்கே தோண்டப்படுவது உங்கள் பி.எஃப். பணம். குளத்தோடு திரும்பிவிடுங்கள் ஐயா.